கழற்றி வைக்கச் சொன்ன திருகாணி

பாறசாலை,
வெள்ளிக்கிழமை, மதியம் கடை ஒதுங்கிய நேரம்.

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய ஒரே அண்ணன் சுவாமிதாஸ் அவர்களுக்கு, தங்கை புஷ்பபாய் தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உங்கள் மச்சான் ஜெயதாஸும் சுகம், என் வாயைத் தவிர. மார்த்தாண்டத்தில் நீங்களும் மைனியும் கல்யாணப் பெண் ஜிஜாவும் சுகமாக இருக்கவும், பந்தல்காரர் சொன்ன நாளில் வந்து சேரவும், கல்யாணத்தன்று மழை கொஞ்சம் பொறுத்துப் பெய்யவும் தினமும் ஜெபிக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை பேசினால் போதாதா, இந்தக் காலத்தில் எதற்குக் காகிதமும் தபால்தலையும் என்று கேட்பீர்கள். பேசத்தான் பார்த்தேன். அண்ணத்தில் ஒரு திருகாணி இருக்கிறது (அண்ணம் என்றால் மேல்வாய், உங்களைச் சொல்லவில்லை). பேசும்போது நாக்கு அதில் போய்த் தட்டுகிறது. ‘அண்ணா, கொஞ்சம் நான் சொல்லதைக் கேளுங்க’ என்று பதிவு செய்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சூடான மரச்சீனிக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு யாரோ மிரட்டுகிற மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன். போனில் கூப்பிட்டாலோ, நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் உங்களுடையதையெல்லாம் பேசி, ‘சரி, வச்சிருதேன்’ என்று வைத்துவிடுவீர்கள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பிய குரல் செய்தி வந்தபோது என் தையல் கடையில் ஆள் நிறைந்திருந்தது. என் ஒரு கையில் சாக்குக்கட்டி, இன்னொரு கையில் அளவு டேப். போனைக் காதில் வைக்க வழியில்லாமல் மெஷின்மேல் கிடந்தபடியே அமுக்கினேன், ஸ்பீக்கரில் உங்கள் குரல் கணீரென்று கிளம்பியது. ‘எட்டி புஷ்பம், ஜிஜாவுக்க கல்யாணத்துக்கு நீதானே பெண்ணுக்குப் பக்கத்துல நிக்கப்போற? ஐம்பத்திமூணு வயசில வாயில கம்பியும் ஆணியுமா மேடையில நின்னா ஆளுவ சிரிக்காதா? அதை ஒரு நாளைக்குக் கழட்டி வச்சிட்டு வா. கழட்ட ஒக்காதுன்னா போட்டோவுக்கு நிக்காண்டாம், கேட்டியா.’ பிளவுஸுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஸ்ரீகுமாரி, தூக்கிய கையைத் தூக்கியபடியே நின்றாள். பாவம், ஒன்றும் காதில் விழாத மாதிரி அலமாரியில் இருந்த நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய கை அளவை மறுபடியும் எடுத்து மறுபடியும் தப்பாக எழுதினேன். கண்ணில் தண்ணீர் நின்றால் டேப்பில் இருக்கிற எண் தெரியாது, அண்ணன்.

இது காதில் போடுகிற திருகாணி இல்லை, ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து டப்பாவில் கழற்றி வைப்பதற்கு. எலும்பில் இருக்கிறது. எதற்காக இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டதாக வைத்துக்கொண்டு நானே சொல்கிறேன். சஜு கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு வலது பக்கம் கீழே ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். அந்த இடத்தில் வேறு பல் கட்டச் சொன்னார்கள், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். பிள்ளை வளர்ந்து துபாய்க்கு வேலைக்கும் போய்விட்டான், அந்தப் ‘பிறகு’ மட்டும் வரவில்லை. கீழே ஆளில்லாமல் போனதும் மேலே இருந்த பல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, கீழ் ஈறில் முட்டிக்கொண்டு நின்றது. அது முட்டாமல் வாயை மூட வேண்டுமே என்று தாடை தானாக இடது பக்கம் ஒதுங்கக் கற்றுக்கொண்டது. சாப்பாடு முழுக்க இடது பக்கத்தில்தான். கொட்டாவி விட்டால் காதுக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம், கோயிலில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. காலையில் எழுந்தால் கன்னமும் நெற்றிப்பொட்டும் ஒருசேர வலிக்கும். தையல்காரிக்குக் குனிந்தே இருப்பதால் தலைவலி வருவது வழக்கம்தான் என்று நினைத்து நானும் யாருக்கும் சொல்லவில்லை.

போன வருஷம் ஒருநாள், ஒரு பெண்ணுக்குத் தைத்த சுரிதாரின் கழுத்து நேராக விழுகிறதா என்று பார்க்க அவளைக் கடையில் இருக்கிற ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, பின்னால் நின்று பார்த்தேன். கழுத்து நேராகத்தான் இருந்தது. அவள் தோளுக்கு மேலே தெரிந்த என் முகம்தான் கோணியிருந்தது. உதடு ஒரு பக்கம் ஏறி, தாடை ஒரு பக்கம் தள்ளி, ஒரு கன்னம் கனத்து, இன்னொன்று வற்றி. இரண்டு தோளும் ஒரே அளவுள்ள ஒரு பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை, அதற்காக யாரையும் குறைத்து நினைத்ததும் இல்லை. தோள் இறங்கிய பக்கத்தில் கொஞ்சம் துணி விட்டுத் தைத்தால் தீர்ந்தது. ஆனால் என் முகத்தை ஊரில் இத்தனை பேர் தினமும் பார்க்கிறார்கள், நானும் தினமும் தலைசீவுகிறேன், எனக்குக்கூடத் தெரியாமல் இது எப்போது நடந்தது என்று ஒரு திகைப்பு. அன்றைக்கு எடுத்த முடிவுதான்.

நெய்யாற்றின்கரையில் ஆர்யா என்று ஒரு பல் டாக்டர். வயசு குறைவு, பொறுமை அதிகம். எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினார். பல் போன இடத்தில் புதுப்பல் கட்ட இடமே இல்லை, மேல்பல் இறங்கி வந்து இடத்தை அடைத்துவிட்டது. அதை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொண்டு இழுத்தால், இது ஏறுகிறபோது அவை இறங்கிவிடும். ஆகையால் இழுப்பதற்கு அசையாத பிடி ஒன்று வேண்டும். கன்னத்துப் பக்கம் ஒன்று, அண்ணத்துப் பக்கம் ஒன்றாக நெல்மணி நீளத்தில் இரண்டு திருகாணியை எலும்பில் போட்டு, அவற்றிலிருந்து ரப்பர் கட்டி அந்தப் பல்லைத் தூக்க வேண்டும். முன்பற்களில் நீங்கள் போட்டோவில் பார்த்த கம்பி, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுக்கோடு விலகிப்போனதைச் சரிசெய்ய. எல்லாம் ஆன பிறகு திருகாணியை எடுத்துவிடுவார்களாம், துளை தானாக மூடிவிடுமாம்.

உங்கள் மச்சான் சரக்கு ஆட்டோ ஓட்டினாலும், வீட்டில் அலமாரி அடிப்பது, பைப் மாட்டுவது எல்லாம் அவர்தான் என்று உங்களுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டுவிட்டு டாக்டரிடம் கேட்டார்: ‘சுவரில ஸ்க்ரூ நிக்கணும்னா முதல்ல பிளக் அடிக்கணுமாக்கும். இல்லேன்னா ஆடும். இதுக்கு பிளக் இல்லியா டாக்டரே?’ நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. ‘எலும்பு தன்னே பிடிச்சோளும் சேட்டா. ஆடியால் எடுத்து வேறெ ஸ்தலத்து இடாம்’ என்றார், அதாவது எலும்பே பிடித்துக்கொள்ளுமாம், ஆடினால் எடுத்து வேறு இடத்தில் போடலாமாம். உங்கள் மச்சானுக்குத் திருப்தி இல்லை. படியிறங்கும்போது என்னிடம், ‘ஆடும், பாத்துக்க’ என்றார்.

திருகாணி போட்ட அன்றைக்கு நடந்ததை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. மரத்துப்போக ஊசி போட்டதால் எனக்கு வலியே இல்லை, யாரோ விரலால் அமுக்குகிற மாதிரிதான் இருந்தது. வாசலில் நின்ற உங்கள் மச்சான், டாக்டர் கையில் குட்டி ஸ்க்ரூடிரைவரைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கொண்டுவந்த தண்ணீரை அவருக்குக் கொடுத்து, எனக்கு வைத்திருந்த நாற்காலியில் அவரைப் படுக்கவைத்து, கடைசியில் நோயாளியான நான், துணைக்கு வந்தவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தேன். குளத்தூர்க்காரர் ஷிபுவின் ஆட்டோ நின்றது. ‘பாறசாலை பஸ் ஸ்டாண்ட்’ என்று சொன்னேன், அதாவது சொன்னதாக நினைத்தேன். வலது பாதி முகம் மரத்துக் கிடந்ததால் ‘ஹாஹஹாலெ’ என்றுதான் வந்தது. வாயோரத்தில் எச்சில் வழிகிறது, உதடு தொங்குகிறது, பக்கத்தில் இவர் வெளிறிப்போய்ப் பேச்சில்லாமல் சாய்ந்திருக்கிறார். ஷிபு கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். ‘அய்யோ, சேச்சிக்கு ஸ்ட்ரோக்காக்கும்! சேட்டா, பிடிச்சோ!’ என்று வண்டியை ஒரே திருப்பாகத் திருப்பி, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டார். நான் பின்னாலிருந்து ‘பல்லு, பல்லு’ என்று கத்துகிறேன், ‘ஹல்லே, ஹல்லே’ என்று வருகிறது. நான் அல்லேலூயா சொல்கிறேன் என்று அவர் நினைத்து, ‘பிரார்த்திச்சோ சேச்சி, ஞானும் பிரார்த்திக்குந்நுண்டு’ என்று இன்னும் வேகத்தைக் கூட்டினார். நல்ல மனுஷன். அந்த ஓட்டத்தில் நிஜமாகவே ஸ்ட்ரோக் வந்திருந்தால் பிழைத்திருப்பேன். ஸ்ட்ரோக் இல்லாததால்தான் செத்துப்போய்விடுவேனோ என்று பயந்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டியூட்டி டாக்டர் ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், தூக்கினேன். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். என் சிரிப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இவரைத் திரும்பிப் பார்த்து, உங்கள் மனைவியின் முகம் முன்பே இப்படிக் கோணலாகத்தான் இருந்ததா, இல்லை இன்றைக்கு ஆனதா, யோசித்துச் சொல்லுங்கள் என்று மலையாளத்தில் கேட்டார். உங்கள் மச்சான் எனக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். நெற்றியிலிருந்து தாடைவரை, திரும்பவும் தாடையிலிருந்து நெற்றிவரை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்து எனக்கு நினைவில்லை. பிறகு நிமிர்ந்து, ‘தெரியல்லியே டாக்டரே. எனக்கு எப்பவும் நேராத்தான் தெரியுது’ என்றார். அதற்குள் என் நாக்கு கொஞ்சம் உயிர்பெற்றிருந்தது. வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டுக் காட்டினேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், நர்ஸும் பார்த்தார், இரண்டு பேரும் சிரித்தார்கள், வெளியே காத்துக்கொண்டிருந்த ஷிபுவும் விஷயம் தெரிந்து தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார், அவரே எங்களைப் பாறசாலைக்குக் கொண்டுவந்தும் விட்டார்.

வழி முழுக்க எனக்கு அந்தப் பதில்தான். இவர் என்னைப் பார்த்ததே இல்லை, அதனால் தெரியவில்லையா? இல்லை, பார்த்துப் பார்த்து இவருக்கு நேராகிவிட்டதா? ஒன்று என்றால் அழ வேண்டும், மற்றது என்றால் அதற்கும் அழ வேண்டும்தான், ஆனால் அது வேறு அழுகை. கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அவர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் எச்சிலைத் துடைத்த கைக்குட்டையை ஆட்டோ கம்பியில் பிடித்துக் காற்றில் காயவைத்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒன்றா இரண்டா. கன்னத்தில் திருகாணி உரசிப் புண்ணாகி, டாக்டர் கொடுத்த மெழுகை உருட்டி அதன்மேல் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். அது சுவிங்கம் என்று நினைத்து, வேத பாடம் வாசிக்கப் போகுமுன் துப்பிவிட்டுப் போகச் சொன்னார் போதகர். குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு தைக்கிற பழக்கம் எனக்கு. ஸ்ரீகுமாரி ஒருநாள், ‘அக்கா, வாயில இருக்கதில எது எனக்க பிளவுஸுக்க ஊசி, எது டாக்டருக்க ஆணின்னு பாத்து எடுங்க’ என்றாள். அன்றோடு அந்தப் பழக்கம் போயிற்று. இரண்டாம் மாதம் கன்னத்துப் பக்கத் திருகாணி நாக்கால் தொட்டாலே ஆட ஆரம்பித்தது. இவரிடம் சொல்லாமல் மறைத்துப் பார்த்தேன், முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். (முகத்தில் அதெல்லாம் தெரிகிறது, பாருங்கள்.) ‘பிளக், பிளக்னு அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா’ என்று டாக்டரிடமே போய்ச் சொன்னார். டாக்டர் அதை எடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி வேறொன்று போட்டார். இந்தத் தடவை இவர் வாசலில் நிற்கவில்லை, என் பக்கத்தில் வந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி நின்றார். யாருக்கு யார் தைரியம் கொடுத்தது என்று தெரியவில்லை.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. பல் ஏறிவிட்டது. கீழே, பல் போன இடத்தில், நாக்கு நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன வெளி. போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் எனக்குக் கொட்டாவி வந்தது. வாயை மூடியபிறகுதான் கவனித்தேன், சத்தமில்லை. யாரும் திரும்பவில்லை. எனக்குத்தான் எழுந்து நின்று எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. முழங்கால் வலிக்கு வைத்தியம் செய்தால் வைத்தியம், கண்ணில் புரை எடுத்தால் வைத்தியம், பல்லுக்குச் செய்தால் மட்டும் இந்த வயசில் அழகு கேட்கிறதா என்கிறார்கள். அழகுக்கு இல்லை, மெல்லுவதற்கு என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. மெல்லுவதற்குத்தான். ஆனால் கடைக்கண்ணாடியில் உதடு சமமாகத் தெரிந்தபோது ஒரு நிமிஷம் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதையும் வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். எனக்கென்று நான் கேட்டு வாங்கியது என்ன இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

ஆகையால் என் முடிவு இது. திருகாணியைக் கழற்ற மாட்டேன், கம்பியையும் கழற்ற மாட்டேன். கல்யாணத்துக்கு வருவேன், கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டு, மேடை ஏறாமல், எந்தப் போட்டோவுக்கும் நிற்காமல், சாப்பிட்டதும் பஸ் ஏறிவிடுவேன். ஜிஜாவுக்குப் பக்கத்தில் நிற்க, வாயில் இரும்பு இல்லாத வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்தால் இவ்வளவு எழுதுவேனா?

கல்யாணக் காரியங்கள் ஒரு குறையுமில்லாமல் நடக்கவும், உங்கள் வீட்டு வாசல் சந்தோஷத்தால் நிறையவும் ஆண்டவர் துணை நிற்பாராக. மைனிக்கு என் அன்பு. ஜிஜாவுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சில் இருக்கப்போகும் உங்கள் தங்கை,
புஷ்பபாய்

பி.கு.: அண்ணன், மேலே எழுதிய எதையும் படிக்காண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். கிழித்துப்போட்டிருப்பேன், அரைநாள் உழைப்பு, மனசு வரவில்லை. உறையை ஒட்டப்போகிற நேரத்தில் ஜிஜாவின் பிளவுஸ் துணியோடு மைனி கடைக்கு வந்தார்கள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைக் கண்டு மைனி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ‘அவரு உன்னைச் சொல்லல்ல பிள்ளே. அவருக்க முன்பல்லு ரெண்டு போச்சு. போன மாசம் முறுக்கு கடிச்சதாக்கும். பல்லு வச்ச ஒரு தகடு செஞ்சு வாங்கி மாட்டிட்டு நடக்காரு, அது நிக்கமாட்டேங்குது. கல்யாணத்துல பேசணும்லா, கண்ணாடி முன்ன நின்னு பேசிப் பாத்தாரு. “எல்லாருக்கும் ஸ்தோத்திரம்”னு தொடங்கினதும் பல்லு தெறிச்சு அழைப்பிதழ்க் கட்டுமேல போய் விழுந்துது. அன்னையில இருந்து வீட்டுல சிரிக்கதில்ல, சரியா உண்ணதில்ல. மேடையில எல்லாரும் வாயைத்தான் பாப்பாங்கன்னு ஒரே பயம். அந்தப் பயத்துலயாக்கும் உனக்கு அப்படி அனுப்பினாரு. யாருகிட்டயும் சொல்லப்பிடாதுன்னு எனக்க கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காரு, நீ கேட்டதா காட்டிக்காதே’ என்றார்கள்.

நான் காட்டிக்கொள்ளவில்லை. நேரே டாக்டர் ஆர்யாவைக் கூப்பிட்டேன். அதே கிளினிக்கில் பல் கட்டுகிற டாக்டர் ஒருவர் உண்டு, கல்யாணத்துக்குள் பேசினாலும் சிரித்தாலும் விழாத பல் வைத்துவிடலாமாம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சொல்லியிருக்கிறேன். பாறசாலையில் இறங்குங்கள், நானும் உங்கள் மச்சானும் நிற்போம். அவரை மட்டும் உள்ளே விடக்கூடாது. மேடையில் ஜிஜாவுக்கு ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் நான்தான், அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிளினிக்கில் உங்கள் வயசு கேட்டார்கள், அறுபத்திரண்டு என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு குறைத்துத்தான் சொன்னேன். அங்கே வந்து திருத்திக்கொண்டிருக்காதீர்கள்.